அன்னக்கொடிக்குக் கிடைத்த பாஸ்

ராசிங்காபுரத்து அன்னக்கொடிக்கு வாய் நீளம். அது இல்லையென்றால் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்க மாட்டாள். ஆனால் 1912 மழைக்கு அவளுடைய முழங்கால் ஒத்துழைக்கவில்லை. காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு அணையாமல் எரியும். அங்கே ஓர் இடம் கிடைத்தால் பிழைத்தாள். இல்லாவிட்டால் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு நனைந்தபடி களை வெட்ட வேண்டியதுதான்.

ஸ்டோருக்குள் பெண்கள் போகக்கூடாது. தூரமான பெண்ணின் மூச்சுப் பட்டால் ஏலக்காய் வெளுத்துவிடும் என்பது கங்காணி சீனிச்சாமியின் கண்டுபிடிப்பு. எவளுக்கு மாதவிலக்கு என்று கேட்க வெட்கப்பட்டு, எல்லாப் பெண்களையும் மொத்தமாக வெளியே நிறுத்திவிட்டார் அந்த மகானுபாவர். ‘எனக்கு நின்னு போச்சு’ என்று அன்னக்கொடி சொல்லிவிடலாம். சொன்னால், ‘கிழவிக்கு இங்க என்ன சோலி’ என்று மலையை விட்டே இறக்கிவிடுவார். நல்ல நியாயம்!

கால்வலிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் போனவள் கம்பவுண்டர் கலீபுல்லாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் போடிக்காரர், கூச்ச சுபாவி. தரையைப் பார்த்துக்கொண்டே இங்கிலீசுக்குள் ஒளிந்தார்.

“அது மெனோபாஸ், ஆத்தா.”

“அப்பிடின்னா என்னாங்கய்யா?”

“பிரெஞ்சு டாக்டர் ஒருத்தர் கிரேக்க பாஷையில இருந்து கட்டுன வார்த்தை. மெனோன்னா மாசம், பாஸ்னா நின்னு போறது.”

அன்னக்கொடி பிடித்துக்கொண்டது கடைசிப் பாதியைத்தான். விறகு இறக்கக்கூட பாஸ் கேட்கும் மலை அது. துரைமார் எழுதிக் கொடுக்கும் பாஸ் என்றாலே சீனிச்சாமிக்கு வேர்க்கும்.

மறுநாள் நேராக ஸ்டோர் வாசலில் போய் நின்றாள்.

“தள்ளுங்கண்ணே. எனக்குப் பாஸ் வந்துருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக.”

“என்ன பாஸு?”

“மெனோபாஸு. சீமை டாக்டரு கட்டுனது.”

சீனிச்சாமி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். “அன்னக்கொடிக்கு மெனோபாஸ்னு சொன்னீகளா?” என்று கேட்டார். கலீபுல்லா காது சிவக்க, “ஆமா, நெசந்தான்” என்று சொல்லிவிட்டு மருந்து அறைக்குள் புகுந்துகொண்டார். அதற்குமேல் விளக்கம் கேட்கக் கங்காணிக்குத் தைரியமில்லை. தனக்கு இங்கிலீசு தெரியாதென்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடுமே!

அவர் திரும்பி வந்தபோது அன்னக்கொடி அடுப்போரம் காலை நீட்டிக்கொண்டு காயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பரம திருப்தி. காய் ஒன்றும் வெளுக்கவில்லை.

“இந்தப் பாஸுக்குக் கெடு எம்புட்டு நாளு?” என்று கங்காணி கறாராகக் கேட்டார்.

“சாகுற வரைக்கும்ணே. ஒருக்கா வந்துட்டா யாராலயும் திரும்பப் பிடுங்க முடியாது.”