வீட்டில் பேசும் மொழி

சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் ரோலாண்டோ திஹெரீனா முப்பத்தாறு வயதில் ஒரு பெரிய பொய் சொன்னார். அதுவரை அவர் சொன்னதெல்லாம் தொழில் பொய். "நாளைக்கு ரெடி" என்பதைத் தாண்டிப் போனதில்லை. இதுவோ மகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில், பேனாவால் எழுதிய பொய். வீட்டில் பேசும் மொழி: ஸ்பானிஷ்.

அவருக்கு ஸ்பானிஷ் வராது. அந்த மீசையையும் ஸ்பானிஷ் பெயரையும் வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கடைக்கு வருகிறவர்கள் நேராக ஸ்பானிஷில் ஆரம்பித்துவிடுவார்கள். இவர் சிரித்துக்கொண்டே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உள்ளே வேலை செய்யும் சென்சோவைக் கூப்பிடுவார். ஒருமுறை ஒரு அம்மாள் தன் கணவர் செத்துப்போன கதையைச் சொல்லி அழ, அதற்கும் சிரித்துத் தலையாட்டினார். விஷயம் தெரிந்த பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய அப்பாவைச் சிறுவயதில் இதே ஊர்ப் பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்காகப் பலகையால் அடித்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த அடி விழக்கூடாது என்று மனுஷன் அந்த மொழியை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார். இன்று அதே ஊரில் அதே ஸ்பானிஷுக்காக டாக்டரும் வக்கீலும் வரிசையில் நிற்கிறார்கள். பாடமெல்லாம் ஸ்பானிஷிலேயே நடக்கும் ஆரம்பப் பள்ளியில் ஆங்கில வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாதி இடம். இருபத்திரண்டு இடத்துக்கு இருநூறு பேர், குலுக்கல். மறுபாதி ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அதில் சில இடங்கள் காலியாகவே கிடந்தன. ரோலாண்டோவின் பேனா தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

மூன்று வாரத்தில் நேர்காணல், பிள்ளையோடு ஸ்பானிஷில் பேசிப் பார்ப்போம் என்று கடிதம் வந்தது. இனி வீட்டில் ஸ்பானிஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டார். அன்றோடு வீட்டில் பேச்சே நின்றது. மனைவி ஒடீலியா பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். அவளுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் வாயைத் திறங்க, வலிக்குதா, துப்புங்க என்பதோடு சரி. இவருக்கு டயர், காற்று, பிரேக். மூன்றாம் நாள் சோர்ந்து வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து, "வலிக்குதா?" என்றாள் அவள். "காத்து இல்ல" என்றார் அவர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இவ்வளவு பொருத்தமாக அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஐந்து வயது நயேலி இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. பகலெல்லாம் கடையில் சென்சோவின் பின்னால் சுற்றிவிட்டு, சாப்பிட்டதும் தூங்கிப் போவாள்.

நேர்காணலன்று பெரால்தா டீச்சர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி ஸ்பானிஷில் கேட்டார். பூனை, நிலா, பிறந்தநாள் கேக். நயேலி வாயே திறக்கவில்லை. ரோலாண்டோவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இடம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டார். அடுத்து டீச்சர் காட்டிய படத்தில் டயர் பஞ்சரான ஒரு சைக்கிள்.

நயேலி இடுப்பில் கை வைத்தாள். ஸ்பானிஷ் மடை திறந்தது.

"எந்த எருமமாடு இதை இப்படி ஓட்டுச்சு? ரிம்மே போச்சு பாருங்க. உள்ள தள்ளிட்டு வாங்க. கார்டெல்லாம் வாங்க மாட்டோம்."

பாதி ரோலாண்டோவுக்குப் புரியவில்லை. ஆனால் அது சென்சோவின் தொண்டை, சென்சோவின் கோபம் என்பது புரிந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் இருவரும் கால் மணி நேரம் என்னென்னவோ பேசினார்கள். கடைசியில் டீச்சர் அவர் பக்கம் திரும்பி ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். ரோலாண்டோ சிரித்துக்கொண்டே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

"எங்கப்பாவுக்குப் புரியல டீச்சர்," என்றாள் நயேலி ஸ்பானிஷிலேயே. "புரியலன்னா இப்படித்தான் சிரிப்பாரு."

அது மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"பொய் எழுதிட்டேன் டீச்சர். எங்க வீட்ல யாருக்கும் வராது. இவ கடையில கத்துக்கிட்டது எனக்கே இப்பதான் தெரியும். நான் பண்ணின தப்புக்கு அவ இடத்தைப் பறிச்சிடாதீங்க."

பொய் எழுதியதற்கு டீச்சர் இரண்டு வார்த்தை கடுமையாகவே சொன்னார். பிறகு, அந்த ஸ்பானிஷ் பாதியில் சேர்ப்பது பிள்ளையின் பேச்சைப் பார்த்துத்தான், அப்பாவின் பேச்சைப் பார்த்தல்ல என்றார். ஆனால் சேரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு உறுதிமொழியைச் சத்தமாக வாசித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அது அங்கே வழக்கம். நான்கு வரி, ஸ்பானிஷில்.

ரோலாண்டோ எழுத்துக் கூட்டி வாசித்தார். இரண்டாவது வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டார். நயேலிக்கு இன்னும் எழுத்து தெரியாது, காது தெரியும். "அப்படி இல்லப்பா. மறுபடி சொல்லு," என்று ஒவ்வொரு இடமாக நிறுத்தினாள். நான்கு வரிக்குப் பதினொரு நிமிஷம் ஆனது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

முடித்ததும் அவர் மகளின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"நான் இப்ப என்னம்மா படிச்சேன்?"

"தினமும் எனக்கு ஸ்பானிஷ்ல கதை படிச்சுக் காட்டுவேன்னு சொன்னே. நிஜமாவாப்பா?"

ரோலாண்டோ பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்ததால் திஹெரீனாவில் பாதி கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.