வாங்கில் அமர்ந்த மாப்பிள்ளை

பாரிஸ் நகரின் லா சப்பலில் புடைவைக் கடை நடத்தும் நான், என் மகள் விரும்பிய கனடாத் தமிழனை வேண்டாமென்று சொல்லியிருந்தேன். ஐஸ் ஹொக்கி ஆடுவதே அவன் தொழில். கனடாவில் பல கழகங்களுக்கு முன்கள வீரனாக ஆடியவனைப் பிரெஞ்சுக் கழகமொன்று அழைத்திருந்தது. விளையாட்டை உத்தியோகமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

"ஒருக்கா வந்து பாத்திட்டு முடிவைச் சொல்லுங்கோ அப்பா," என்றாள் மகள். போனேன்.

பனித்தரையில் இறங்கிய அவன், ஒரு நிமிடம் ஆகுமுன்பே வெளியேறி, வீரர்கள் இருக்கும் ஓரத்து வாங்கில் அமர்ந்தான். மீண்டும் இறங்கினான், மீண்டும் வெளியேறினான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

"பாத்தியோ? ஆடத் தெரியாதவனெண்டு உடனை இருத்திப்போடுறாங்கள்."

மகள் சிரித்தாள். "மற்றவையையும் பாருங்கோ அப்பா. எல்லாரும் அப்பிடித்தான். உள்ள பலம் முழுக்க அந்த ஒரு நிமிசத்திலை குடுத்திட்டு, அடுத்தவனுக்கு இடம் விடோணும்."

பார்த்தேன், உண்மைதான். ஆட்டம் சமநிலையில் முடியவிருந்த வேளை அவன் மறுபடியும் இறங்கினான். தடுப்புச் சுவரில் மோதி விழுந்தான். எழுந்து விரைந்து, இறப்பர் வட்டை வலைக்குள் அடித்தான். அரங்கமே எழுந்தது. நானும் எழுந்து தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அரங்க வாசலில் அவன் ஈரத் தலையுடன் தயங்கி நின்றான். "வணக்கம் அங்கிள்."

"தம்பி, அப்பாவை என்னோடை கதைக்கச் சொல்லும்," என்றேன்.

விளங்காத ஒன்றுக்கு அத்தனை விரைவில் தீர்ப்புச் சொன்னதை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். கத்தியதற்கு வெட்கப்படவில்லை.