அலியாரின் கணக்கில் பிழையில்லை

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரணம் சொல்லும் ஜனாஸா அறிவித்தல் வந்தபோது நான் கல்முனைச் சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். "குழாய்க்கிணறு அலியார்" என்றார்கள். வேறொரு அலியாராக இருக்கக்கூடாதா என்று நின்றேன். சாகாமத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து குழாய் இழுக்கும்போது, பாரம் தூக்கும் முக்காலி சரிந்து அவர்மேல் விழுந்திருந்தது.

கபுறுக் குழியை மூடிய மண் காயும் முன்பே கதை கட்டிவிட்டார்கள்: "வயசு போன மனிசன், பாரத்தைப் பிழையாக் கணக்குப் போட்டுட்டார்." அவரை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அது பொய்.

அவரும் நானும் ஒன்றாகக் குழாய் இழுத்தவர்கள். குழாயின் பாரக் கணக்கை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை, வேலையில் பழகியது. வெளி விட்டத்தில் தடிப்பைக் கழி, மிச்சத்தைத் தடிப்பால் பெருக்கு, எல்லாம் மில்லிமீற்றரில். நாற்பதால் வகுத்தால் ஒரு மீற்றர் இரும்புக் குழாயின் கிலோ வரும். பிளாஸ்டிக் என்றால் அதில் ஐந்தில் ஒன்று. நாற்பதரையால் வகுத்தால்தான் சரி என்று ஒருநாள் முழுக்கச் சண்டை பிடித்தேன்.

"கூட வந்தா ஆரும் மவுத்தாகிறல்ல மச்சான். குறைய வந்தாத்தான் கபுறு வெட்டணும். நீ உன்ட அரையைத் தூக்கிட்டு வீட்ட போ," என்றார் அலியார்.

இழுப்பதற்கு முதல்நாள் தேநீர்க்கடையில் நானும் இருந்தேன். "முக்கால் தொன்னுக்குக் கிட்ட வருது. முக்காலி ஒரு தொன் தாங்கும்," என்று தோட்டத்துச் சொந்தக்காரரிடம் அலியார் சொன்னார். "ஆனா தம்பி, அடியில வால்வு கிடக்கா? கிடந்தா தண்ணி இறங்காது. குழாய் நிறையத் தண்ணியையும் சேர்த்துத் தூக்கணும். அது இன்னும் அரைத் தொன்."

"போன வருசமே கழட்டியாச்சு காக்கா. வல்லாஹி."

அல்லாஹ்வின்மேல் ஆணையிட்ட பிறகு மறுபடி கேட்பது, எங்கள் ஊரில், ஒருவனை முகத்துக்கு நேரே பொய்யன் என்பதாகும். அலியார் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து சாகாமத்துக்குப் போனேன். அடித்துண்டில் வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கழற்றிய தடயமே இல்லை. "வேலையாள்தான் கழட்டினதெண்டான், எனக்கென்ன தெரியும்?" என்றார் தோட்டக்காரர். ஊர்ப் பெரியவர்களிடம் போனேன். "மவுத்தானவர் திரும்பி வரப்போறாரா? சும்மா விடுங்க," என்றார்கள். யாரும் எழுந்து வந்து அந்த வால்வைப் பார்க்கவில்லை.

அலியாரின் மனைவி, கணவனை இழந்தவள் வெளியாள் முகம் பாராமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "காக்கா, மனிசன் பிழை விட்டாரா?"

"இல்ல தங்கச்சி."

"மகன், வாப்பாட கணக்கை நம்பேலாது எண்டுறான். நான் என்ன சொல்ல?"

பெற்ற மகனே நம்பவில்லையென்றால் நான் எந்தக் கதவைத் தட்டுவது?

அலியாரிடமிருந்து எனக்கு மிச்சமானவை அந்தக் கணக்கும் இந்தக் கோபமும்தான். கணக்கை யார் கேட்டாலும் சொல்லித் தருவேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, தோட்டக்காரர் ஸலாம் சொல்லிக் கையை நீட்டினார். ஸலாமுக்குப் பதில் சொன்னேன், அது கடமை. கையைக் கொடுக்கவில்லை.