பலகையில் இருந்த ஆண்டு

அம்மாவின் கடைப் பலகைக்கு எழுத்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், நடந்த குளறுபடியை மட்டும் விட்டுவிட்டு.

மாசாய் என்ற ஊரில் அம்மா தோசைக் கடை போட்டார். பக்கத்து ஊர் தம்போயில் பேனர் அச்சடிக்கும் சித்தப்பாதான் பெயர்ப் பலகை செய்தார். நகராண்மைக் கழக விதிப்படி மலாய் எழுத்து பெரிதாகவும் நேராகவும் இருக்க வேண்டும். அதில் நமக்கு வேலையில்லை. கீழே வரும் தமிழுக்குச் சித்தப்பா கணினியில் ஒவ்வோர் எழுத்துருவாகக் காட்டினார். வால் நீண்டு சுருண்டு, நிழல் விழுந்து, அந்தக் காலத்து சினிமா போஸ்டர் மாதிரி ஒன்று வந்தது. பார்த்ததும் சொக்கிப்போனேன். அந்த மாதிரியோடு ஒரு பூங்கொடிச் சட்டமும் வந்திருந்தது. அடியில் கடை தொடங்கிய ஆண்டைப் போடும் இடத்தில் யாரோ ஒரு பழைய ஆண்டைப் போட்டுவைத்திருந்தார்கள்.

"வருஷத்த எடுத்துறவா?" என்றார் சித்தப்பா.

"அழகா இருக்கு, இருக்கட்டும் சித்தப்பா."

அவருக்கு அன்று பிறந்தநாள் பேனர்கள் குவிந்து கிடந்தன. நான் சொன்னபடியே அச்சடித்துவிட்டார்.

பலகையை மாட்டிய பிறகுதான் அப்பா கவனித்தார். அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் கடை நடப்பதாக அது சொன்னது. "அலமாக், பாக்கிறவங்க சிரிப்பாங்க லா," என்று பதறினார். சனிக்கிழமை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. தப்பு என்னுடையது. இந்தக் கடையை நம்பித்தான் அம்மா தொழிற்சாலை வேலையை விட்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு பெரியவர் வந்து பலகையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். எந்தக் கடையை நினைத்துக்கொண்டாரோ தெரியாது. "உங்கப்பா கையால சாப்பிட்டிருக்கேம்மா. கடைய இங்க மாத்திட்டீங்களா?" என்றார்.

அம்மா ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர். தன் அப்பாவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிட நான் வாயெடுத்தேன். அம்மா என் தோளை அழுத்தினார்.

"ஆமா அங்கிள்," என்று சொல்லி அம்மா அவர் எதிரில் உட்கார்ந்தார். "நான் பொறந்தப்பவே போயிட்டாரு. எப்படி இருப்பாரு? சொல்லுங்களேன்."

பெரியவர் நிதானமாகச் சொன்னார். நல்ல உயரமாம். குரல் உயர்த்தவே மாட்டாராம். பசியோடு வரும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேட்காமலே இன்னொரு தோசை போடுவாராம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கல்லில் தோசை கருகும் வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை. எனக்கோ பொய் வெளிப்பட்டுவிடுமோ என்று உயிர் போய் உயிர் வந்தது.

சனிக்கிழமை அப்பா ஏணியைச் சாத்தினார். "அது அப்படியே இருக்கட்டுங்க," என்றார் அம்மா. அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா அதற்குள் வியாபாரம் கற்றுக்கொண்டுவிட்டாரே என்று அந்த வயதில் நான் வியந்தேன்.