காற்று மேலேதானே போகும்?

1. மூன்றாவது போன்

"அண்ணே, உங்க பிரேக் இன்னைக்கு எங்களைக் கொல்லப் பாத்துச்சு."

போனில் தெரேசா மிஸ்ஸி. சிங்கப்பூரில் என் வயதுக்காரர்கள் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். தெரேசா தேக்கா பக்கம் ஒரு அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் அந்தப் பழைய வெள்ளைக் காரில்தான்.

அன்று காலை அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, கார்பார்க்கின் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியிருக்கிறார். சரிவின் முடிவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கிறது. நாலு மிதி மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. முன்னால் ஒரு தகப்பன் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாராம். நடுவில் இருந்த இடைவெளி ஒரு முழம்.

 இரண்டு வாரத்துக்கு முன் அந்த வண்டியின் முன்பக்கக் காலிப்பர் இரண்டையும், அதாவது சக்கரத்தைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற பாகத்தை, கழற்றி, புது ரப்பரும் பேடும் போட்டு மாட்டியவன் நான்தான். மறுநாளே மிஸ்ஸி போன் பண்ணினார். "அண்ணே, பெடல் சாஃப்ட்டா இருக்கு." நான் என்ன சொன்னேன்? "புது பேட் மிஸ்ஸி, ஓட ஓட சரியாயிடும் லா." இரண்டாவது முறை சொன்னபோது வண்டியை வரச்சொல்லி, பிரேக் ஆயிலில் நிற்கிற காற்றை மறுபடி எடுத்துவிட்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் மனசுல பயம்" என்றேன். முப்பது வருஷ மெக்கானிக் பேசுகிற பேச்சா இது! இன்று நினைத்தாலும் கூசுகிறது.

2. கல் மாதிரி பெடல்

வண்டியை டோ டிரக்கில் வரவழைத்தேன். அம்மாவை டாக்ஸியில் டயாலிசிஸுக்கு அனுப்பிவிட்டு மிஸ்ஸியும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

இந்த முறை ஒழுங்காக, வரிசையாகப் பார்த்தேன். எங்கேயும் ஆயில் கசியவில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை ஒரே அழுத்தில் பிடித்தேன். ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் பம்ப் போயிருந்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். இது இறங்கவில்லை. அடுத்து நாலு சக்கரத்துக்கும் போகிற ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். பெடல் கல் மாதிரி நின்றது. அப்படியானால் பம்ப் நல்ல பம்ப். பின்பக்கக் கிளாம்ப் இரண்டையும் எடுத்தேன், அப்போதும் கல்தான். முன்பக்கம் ஒன்றை எடுத்ததும் பெடல் தொளதொளத்தது. இன்னொன்றையும் எடுத்தேன், இன்னும் மோசம். ஆக, பெடலைப் பஞ்சாக்குகிற காற்று முன்பக்கக் காலிப்பர்களுக்குள்ளேதான் இருக்கிறது.

கூட வேலை செய்யும் காதர் பாய் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தார். நான் காலிப்பரில் உள்ள ப்ளீடரை, அதாவது காற்றை வெளியே விடுகிற சின்ன ஸ்க்ரூவை, திறந்து திறந்து மூடினேன். பிளாஸ்டிக் குழாயில் சுத்தமான ஆயில் வந்தது. ஒரு குமிழி இல்லை.

"யோவ், அரை பாட்டில் ஆயில் காலி. இதுக்கு மேல எங்கேயா காத்து?" என்று காதர் பாய் கத்தினார்.

எனக்கும் அதே கேள்விதான். உள்ளே காற்று இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பேய் பிடித்த வண்டியா இது?

3. மிஸ்ஸி கேட்ட கேள்வி

பக்கத்தில் நின்ற மிஸ்ஸி குனிந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ட்ரிப் ட்யூப்ல காத்து நின்னா நாங்க விரலால சுண்டுவோம். குமிழி மேல ஏறி வந்துடும். காத்து மேலதானே போகும்?"

"ஆமா."

"அப்ப உங்க ஸ்க்ரூ ஏன் கீழ இருக்கு?"

பார்த்தேன். ஐயோ! ப்ளீடர் காலிப்பரின் அடியில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது உச்சியில் அல்லவா இருக்க வேண்டும்! இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். அந்த மாடலில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான், ப்ளீடர் இருக்கும் இடம் மட்டும் மாறும். கழற்றும்போது மார்க்கரால் எல், ஆர் என்று எழுதியது நினைவிருக்கிறது. அப்புறம் நானே பிசுக்கு எடுக்கிற டிக்ரீஸர் அடித்துக் கழுவினேன், எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்க, நான் கீழே ஆயிலை வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

 பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாது அவருக்கு. ஆனால் எத்தனையோ வருஷமாக, ஒரு குமிழிகூட நோயாளியின் உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொண்ட கண் அது. அந்தக் கண்ணுக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது, அப்படித் தோன்றியதில் வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம்.

"நீங்களே மெக்கானிக்கா வந்துடுங்க மிஸ்ஸி" என்றார் காதர் பாய்.

"முதல்ல வண்டியைச் சரி பண்ணுங்க" என்றார் அவர். சிரிக்கவில்லை.

இடம் மாற்றி மாட்டினேன். ப்ளீடரைத் திறந்ததும் குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. பத்து மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஒரு கார்பார்க்கில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.

அடுத்த டயாலிசிஸ் நாள், கூப்பிடாமலே மிஸ்ஸியின் கார்பார்க்குக்குப் போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அதே சரிவு. முடிவில் அதே இடத்தில் மிஸ்ஸி பெடலைத் தொட்டார். வண்டி அப்படியே நின்றது.

"ஏன்டி நிறுத்திட்ட? முன்னால யாரும் இல்லையே" என்றார் பின்சீட்டிலிருந்து அம்மா.

"சும்மாம்மா. நிக்குதான்னு பாத்தேன்."

அன்றிலிருந்து காலிப்பரை மாட்டியதும் ப்ளீடர் உச்சியில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறேன். அது பழகிவிட்டது. பழகக் கஷ்டப்பட்டது இன்னொன்று. பெடல் சாஃப்ட்டாக இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும், "சரியாயிடும்" என்று வாய்வரை வருவதை விழுங்கிக்கொண்டு, "எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்கிறேன்.