கறுப்பு கிரீஸில் இரண்டு விரல் தடம்

என் மேசைக்கு மேலே உள்ள பலகையில் பழைய பல்பொடி டப்பா ஒன்று இருக்கிறது. ‘பின்சக்கரப் பல்லுக்கு மட்டும்’ என்று என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பு கிரீஸ். அதன் நடுவில் இரண்டு விரல்கள் அள்ளியெடுத்த பள்ளம். எதையும் மட்டமாக வைத்துப் பழகியவன் நான். தட்டையான குச்சியால் வழித்தெடுத்துவிட்டு, மேற்பரப்பைச் சமப்படுத்தித்தான் மூடுவேன். இந்தப் பள்ளத்தை மட்டும் மூன்று வருடமாக அப்படியே விட்டிருக்கிறேன். அவை என் மச்சானின் விரல்கள்.

என் வண்டிக்குச் சங்கிலி கிடையாது. வெளிநாட்டில் செய்த பழைய மோட்டார் சைக்கிள். எஞ்சினின் சுழற்சி ஒரு நீண்ட தண்டின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. சக்கரத்தோடு சேரும் இடத்தில் வரிவரியாகப் பற்கள் இருக்கும். சக்கரத்தின் உள்ளே அவற்றை ஏற்கும் பள்ளங்கள். இரண்டுக்கும் நடுவே கறுப்பு கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். காய்ந்துபோனாலும், மணல் கலந்த கிரீஸைப் போட்டாலும் பற்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒருநாள் மழுங்கிவிடும். அதற்கு மாற்று உதிரி கிடைக்காது. வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றுவேன். தேதி, ஓடிய தூரம், பல்லின் நிலை மூன்றையும் டைரியில் எழுதுவேன்.

என்னைத் தவிர அந்தச் சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தவர் மச்சான் ஒருவர்தான். என் மனைவியின் அண்ணன். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. லேத் பட்டறையில் வேலை. வருடத்தில் ஒருநாள் மட்டும் அவர் வேறு ஆள். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் அவரும் ஒருவர். உருண்டு வருகிற சக்கரத்தின் முன்னே குனிந்து, கட்டையைச் செருகி, கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் கை சற்றுத் தாமதித்தது. வலது ஆள்காட்டி விரலின் நுனி நகத்தோடு போயிற்று. கேட்டால், “மோதிர விரல் தப்பிச்சுது இல்ல, அது போதும்பா” என்பார்.

மூன்று வருடத்துக்கு முன், தேர் ஓடும் வைகாசியில், குளியலறையில் வழுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்தது. பின்சக்கரம் பஞ்சராகி நின்றிருந்தது. தேருக்குப் புது முட்டுக்கட்டைகள் வாங்க மாகறலுக்கும் கூரத்துக்கும் போய்வர மச்சானுக்கு வண்டி தேவைப்பட்டது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் வீட்டிலேயே சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டி, ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் தேருக்கு முந்தின நாள் கொண்டுவந்து நிறுத்தினார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொன்னை கிடந்தது. அதில் மஞ்சள் கிரீஸ். அவர் கையிலும் அதுவே.

“இது என்ன கிரீஸ் மச்சான்?”

“தேர் அச்சுக்குப் போட்டதுல மிச்சம். பெருமாள் தேரே ஓடுது, உன் வண்டி ஓடாதா மாப்ள?”

தெருவில் திறந்து வைத்துத் தேர் அச்சுக்குப் போடும் கிரீஸில் தெருமணல் அத்தனையும் இருக்கும். பஞ்சர் ஒட்டிய அன்றும் பல்லுக்கு இதைத்தான் பூசியிருப்பார் என்று நினைத்தேன். அந்த மணலோடு ஒரு வாரம் ஓடிய பற்கள் என் கண்முன் வந்தன. “இனிமே என் வண்டியத் தொடாத” என்றேன். அவர் சிரிப்பு நின்றது. சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றே இடதுகையால், கோணல் எழுத்தில், டைரியில் எழுதினேன்: ‘பல்லுக்குத் தேர் கிரீஸ் போடப்பட்டது.’

இரண்டு மாதம் அவர் எங்கள் செவிலிமேட்டு வீட்டுக்கு வரவில்லை. என் மனைவி தனியாக டவுன் பஸ் ஏறி அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: “டைரில எழுதிட்டா ஆச்சா? எங்கண்ணன ஒரு வார்த்த கேட்டீங்களா?” கண்ணால் பார்த்ததைக் கேட்பானேன் என்றேன். வண்டியைக் கடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். போனது வண்டி மட்டும் அல்ல என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

கட்டுப் பிரித்து, கையில் பலம் வந்த ஒரு ஞாயிறு காலை சக்கரத்தைக் கழற்றினேன். அச்சை உருவினேன். சக்கரம் விலகியது. பற்கள் கறுப்பாக இருந்தன. மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்து நகத்தால் வருடினேன். எல்லாம் கூர்மையாக, முழுசாக இருந்தன. புதிதாகப் பூச டப்பாவைத் திறந்தேன். நான் சமப்படுத்தி வைத்திருந்த கிரீஸில் இரண்டு விரல் தடம். ஒன்றில் நகம் கீறிய கோடு இருந்தது. பக்கத்தில் இருந்த குட்டைத் தடத்தில் நகக் கோடு இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். நடு ஸ்டாண்டின் மூட்டில் மஞ்சள் கிரீஸ் காய்ந்து ஒட்டியிருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் நெஞ்சில் அழுத்திய ஒன்று இறங்கிப் போனது. அடுத்த கணமே வெட்கமாக இருந்தது.

சக்கரத்தை மாட்டி, அந்த வண்டியிலேயே மச்சான் வீட்டுக்குப் போனேன். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவர் என்னைப் பார்க்காமல் பின்சக்கரத்தைப் பார்த்தார்.

“பல்லு எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குது மச்சான். அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“எங்க சொல்ல உட்ட? ஸ்டாண்டு கிறீச்சு கிறீச்சுனு கத்திக்கினு இருந்துச்சு, அதுக்குப் போட்டேன். தொடாதன்னுட்ட. நீயா ஒன்னு நெனச்சிக்கினு, நீயா எழுதிக்கினு, நீயா படிச்சிக்கினு இருந்தா நான் இன்னாபா பண்றது?”

“தப்புதான் மச்சான்.”

“சரி, உள்ள வா. டீ குடிச்சிட்டே தப்பு பண்ணலாம்” என்றார்.

டைரியில் அந்த வரியை அடிக்கவில்லை. கீழே, வலதுகை எழுத்தில், ‘தவறு. கேட்காமல் எழுதியது’ என்று சேர்த்தேன்.

இப்போது சக்கரத்தை இருவரும் சேர்ந்துதான் கழற்றுகிறோம். போன மாதம் அவருக்கு முழங்கால் வலி. முக்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை விரட்டினார். நான் குச்சியைத் தேடுவதற்குள் டப்பாவைப் பிடுங்கி, பழைய பள்ளத்திலேயே விரல்களை விட்டு அள்ளினார். “எழுதிக்கோ மாப்ள, மச்சான் போட்டது தேர் கிரீஸு” என்று கண்ணைச் சிமிட்டினார்.

தேதி, தூரம், பல்லின் நிலை எழுதினேன். “இது கறுப்புதானே மச்சான்?” என்று கேட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, ‘கறுப்பு கிரீஸ்’ என்று எழுதினேன். பிறகு டப்பாவை மூடி, பள்ளத்தோடு, பலகையில் அதன் இடத்தில் வைத்தேன்.