குடைக்கம்பி ஊசி

மலாயாவுக்கு ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருடம், சாஆ ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெசராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது என் வேலை. மருந்து தீர்ந்து பல மாதமாகியிருந்தது. காயம் தைக்க வளைந்த ஊசி ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதுவும் ஒரு வாரத்துக்கு முன் துருப்பிடித்து ஒடிந்துவிட்டது.

அன்று காலை, மரவள்ளி நட நிலம் கொத்தும்போது ஒரு பெண் மண்வெட்டியால் தன் முழங்காலுக்குக் கீழே வெட்டிக்கொண்டாள். ரப்பர் மரம் சீவிப் பால் எடுப்பவள். கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். காயம் மீன் வாய் போலப் பிளந்திருந்தது. உப்புப் போட்டுக் காய்ச்சிய நீரில் கழுவி இறுக்கிக் கட்டினேன். தைக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும், காலே போய்விடலாம்.

தோட்டத்து ஆலையின் ஃபிட்டரை அழைத்து வரச் சொன்னேன். மெலிந்த மனிதர், என் வயதுதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த கறுப்புக் குடையைக் கையில் எடுத்தார்.

“இது யாருதுங்க?”

“என்னுது.”

“இனிமே உங்களுக்குக் குடை இல்ல.”

பழைய காலத்துக் குடை. கம்பிகள் உருண்டையானவை. துணியைத் தைத்துக் கட்ட ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னத் துளை இருந்தது. அதையே ஊசியின் காதாக வைத்துக்கொண்டார். நானும் கூடவே ஆலைக்குப் போனேன். அங்கே கம்பியைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்தார். மெல்ல ஆறியபின் அது அரத்துக்கு இணங்கியது. தேய்த்து மெலிதாக்கி, முனை கூராக்கி, பிறை போல வளைத்தார். மறுபடி கரி நெருப்பில் சிவக்கவைத்து, சிரட்டையில் இருந்த தேங்காய் எண்ணெயில் அமிழ்த்தினார். சுர்ரென்று புகை எழுந்தது.

எனக்குப் பொறுமை இல்லை. அவர் எடுத்து வைத்ததும் பிடுங்கி ஒரு செருப்புத் தோலில் குத்திப் பார்த்தேன். கண்ணாடி போல நொறுங்கி இரண்டு துண்டாகிவிட்டது.

“ஐயோ, அவசரப்பட்டுட்டீங்களே! இன்னும் வேல முடியலைங்க. இப்ப அது கெட்டியா இருக்கு, ஆனா வளையத் தெரியாது.”

துண்டுகளைப் பொறுக்கி அவர் முன் வைத்தேன். அவர் கோபிக்காமல் அடுத்த கம்பியை எடுத்தார்.

இரண்டாவது ஊசியை எண்ணெயிலிருந்து எடுத்ததும், செங்கல் தூளால் வெள்ளி போல மின்னும் வரை தேய்த்தார். இரும்புத் தகட்டில் மணல் பரப்பி, அடியில் நெருப்பு வைத்து, ஊசியை மணல்மேல் கிடத்தினார்.

“இப்ப பாருங்க.”

பார்த்தேன். வெறும் இரும்பில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தது. யாரும் தொடவில்லை, எதையும் பூசவில்லை. மஞ்சள் பழுப்பானது. பழுப்புக்குள்ளிருந்து கத்தரிப்பூ நிறம் கிளம்பி முனைவரை ஓடியது. விளிம்பில் நீலம் எட்டிப் பார்த்த கணத்தில் இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டார். எத்தனையோ காயங்களுக்குள் பார்த்தவன் நான். ஒரு கம்பிக்குள் இவ்வளவு நடக்கும் என்று நினைத்ததே இல்லை.

இம்முறை அழுத்தியபோது ஊசி வளைந்து கொடுத்தது, விட்டதும் பழைய பிறை வடிவுக்கே திரும்பியது. தோலைத் துளைத்தது.

கொதிநீரில் ஊசியையும் பருத்தி நூலையும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மயக்க மருந்து கிடையாது. கணவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். ஊசியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

“என்னா ஐயா இது?”

“குடைக்கம்பி.”

“அலமாக், ஐயையோ! மழை பேஞ்சா உள்ளயே விரிஞ்சிக்கப் போவுது!”

சிரிப்போடு சிரிப்பாக முதல் தையலைப் போட்டேன். அப்புறம் அவள் சிரிக்கவில்லை, துணியைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஏழு தையல். ஊசி ஒரு முறைகூட வழுக்கவில்லை. பத்தாம் நாள் நூலைப் பிரித்தபோது காயம் மூடியிருந்தது. அடுத்த மாதம் மரவள்ளி பிடுங்க அவளே போனாள்.

தையல் போட்ட மறுநாளே நான் ஆலைக்குப் போனேன், ஒரு வேலையும் இல்லாமல். நிறம் மாறுவதை மறுபடி பார்க்கத்தான் வந்தேன் என்று என் முகத்தைப் பார்த்தே ஃபிட்டர் புரிந்துகொண்டு, ஒடிந்த துண்டைத் தேய்த்து மணலில் வைத்தார். மஞ்சள் வந்தது.

“இந்த நிறமெல்லாம் எங்கேருந்து வருது?” என்று கேட்டேன்.

“தெரியலைங்க. இருபது வருசமா பாக்குறேன். நானும் ஒவ்வொரு தடவையும் அதத்தான் கேட்டுக்கிறேன்.”

இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.